கொடுத்தால் குறையாத பண்டம்

அத்தை வீட்டுக்குள் போன எந்தப் பொருளும் அத்தை வீட்டோடு நின்றதில்லை. திருநெல்வேலியிலிருந்து யாராவது அல்வாவோடு ஹவுராவில் வந்து இறங்கினால், அது நேராகக் கல்கத்தா பவானிபூரில் எங்கள் கட்டடத்து மேல்மாடிக்குப் போகும். போன வேகத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பிரிந்து படியிறங்கிவிடும். அவள் பங்குக்கு மிஞ்சுவது தாளில் ஒட்டிய நெய். "நான் ஊர்ல இருக்கும்போது தின்னாத அல்வாவா?" என்பாள். அவள் ஊரைவிட்டு வந்து அப்போதே இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கொடுத்த கிண்ணம் வெறுமனே திரும்பி வரக்கூடாது என்பது நம்மவர்களின் வழக்கம். அதில் யாராவது எதையாவது போட்டு அனுப்புவார்கள். அதையும் அவள் பிரித்துவிடுவாள். ஒருமுறை அம்மா போட்டு அனுப்பிய ரவா லட்டு இரண்டு நாள் கழித்து வேறொரு வீட்டுக் கிண்ணத்தில் எங்களுக்கே வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "தனக்கு மிஞ்சித்தான் தானதர்மம்னு சும்மாவா சொன்னாங்க? இவளுக்கு ஒண்ணையும் கையில வச்சிருக்கத் தெரியாது" என்று அரைமணி நேரம் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அதே லட்டை எனக்கும் அப்பாவுக்கும் கொடுத்தாள்.

அத்தையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவள் தம்பி இன்னும் சென்னையில் இருக்கிறார். அவரைப்பற்றி ஊர் பேசியது போதும். எனக்கு அவள் சொந்த அத்தையும் அல்ல, மேல்வீட்டு அத்தை. மாமாவுக்கு ரயில்வே ஆபீசில் உத்தியோகம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பார். அவருக்கும் சேர்த்து அத்தை பேசினாள். பிள்ளை இல்லை. தாய் தகப்பன் போனதும் சின்னப் பையனாக இருந்த தம்பியைக் கூட்டிவந்து இங்கேதான் வளர்த்தாள். அவளுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், அந்தப் பையன் ஒரு வேளை எங்கள் வீட்டில், ஒரு வேளை பக்கத்துத் தெருவில், ஒரு வேளை கோயில் குருக்கள் வீட்டில் என்று பவானிபூர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் சாப்பிட்டு வளர்ந்தான். அதை அவள் மறக்கவே இல்லை. "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க. எனக்கு அது தலைகீழா நடந்துச்சுட்டி. எம் பிள்ளைய ஊரு வளத்துச்சு" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்தக் கடனை அவள் வாழ்நாள் முழுதும் கிண்ணத்தில் தீர்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

தின்பண்டத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ் வாரப்பத்திரிகை எங்களுக்குத் தபாலில் பழசாகித்தான் வரும். தீபாவளி மலர் வந்தால் அத்தை முதலில் செய்யும் காரியம் அதன் பின்னைக் கழற்றுவது. தாள் தாளாகப் பிரித்து ஒரே சமயத்தில் ஐந்தாறு வீட்டுக்கு அனுப்புவாள். ஒரு வீட்டில் கதையின் தலை இருக்கும், இன்னொரு வீட்டில் வால். கதையில் அந்தப் பெண் செத்துப்போனாளா இல்லையா என்று கேட்டுக்கொண்டு மத்தியானத்தில் பெண்கள் படியேறி இறங்குவார்கள். அத்தைக்கு அந்தக் காலடிச் சத்தம்தான் பண்டிகை.

அடுத்து கேசட் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பாட்டு கேசட் வந்தால், ஒரு டேப்ரிகார்டரை ஓடவிட்டு அதன் முன்னால் இன்னொன்றை வைத்துப் பதிவு செய்வாள். எல்லோரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தில் அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்துவிட்டது. அந்த விசிலோடுதான் பவானிபூர்த் தமிழர்கள் அத்தனை பேரும் அந்தப் பாட்டைக் கேட்டோம். அசல் பாட்டை முதல்முறையாகக் கேட்டபோது ஏதோ குறைகிறதே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

தம்பி அதற்குள் பி.காம். முடித்திருந்தார். நான் அவரைச் சித்தப்பா என்பேன். பரீட்சை முடிவு வந்த வாரமே, சினிமாவில் சேரப்போகிறேன் என்று சென்னைக்கு ரயிலேறிவிட்டார். அத்தை இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முறுக்கு சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்து, "எம் தம்பி டைரக்டராகப் போறான்" என்றாள். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் யாரோ ஒருவருக்கு உதவி இயக்குநராகவே இருந்தார். படத்தின் கடைசியில் எறும்புச் சாரிபோல் ஓடும் பெயர்களில் அவர் பெயர் வரும் நொடிக்காக அத்தை டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

அப்போது கல்கத்தாவில் தமிழ்ப் படம் பார்க்க ஒரே வழி ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி. எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு தியேட்டர்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி மாதம் ஒரு ஞாயிறு வாங்கி வைத்திருந்தார். படப்பெட்டி ஹவுராவுக்கு ரயிலில் வரும். அவரே போய் இறக்கிக்கொண்டு வருவார். காலை ஒன்பது மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெண்கள் சினிமாவுக்குப் போகும் அதிசயத்தை நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாள் ஜன்னலில் நின்று பார்ப்பாள். அத்தைதான் முதல் ஆளாகப் போவாள். இடைவேளையில் சுண்டல் கொடுப்பாள்.

பிறகு வீடியோ கேசட் வந்தது. அதன் பின்னாலேயே வி.சி.டி. சென்னையில் வெள்ளிக்கிழமை வெளியான படம் அடுத்த வாரமே ரயிலில் யாருடைய கைப்பையிலாவது வந்துவிடும். வந்தால் எங்கே போகும்? மேல்மாடிக்குத்தான். அங்கிருந்து வீடு வீடாக இறங்கும். காலைக் காட்சிக்கு வருகிற கூட்டம் பாதியானது. பிறகு அதிலும் பாதியானது.

ஒருநாள் செயலாளர் படியேறி வந்தார். நான் அன்றைக்கு அத்தை வீட்டில் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையைக் கூப்பிவிட்டார். "அம்மா, தப்பா எடுத்துக்கப்படாது. நீங்க இந்த சி.டி.யைச் சுத்துல விடறதைக் கொஞ்சம் நிறுத்தினா நல்லது. ஹால்காரன் போன மாசமே முகத்தைச் சுளிச்சான். முன்வரிசையில நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தேன்."

அத்தைக்கு நிஜமாகவே பாவமாகிவிட்டது. "ஒத்தையிலயா உக்காந்திருந்திய?" என்று கேட்டாள். அவருக்கு இட்லி வைத்தாள், வேண்டாம் என்றவருக்கு இன்னும் இரண்டு வைத்தாள். போகும்போது, முந்தின வாரம் வந்த புதுப்பட சி.டி. ஒன்றை மோர்மிளகாய்ப் பொட்டலத்தோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க வீட்டம்மாவும் பாக்கட்டும் அண்ணாச்சி, அவங்களுக்கு முட்டுவலி, ஹாலுக்கு வரமாட்டாங்கல்லா." அவர் அந்த சி.டி.யையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கிக்கொண்டுதான் போனார். சில மாதங்களில் காலைக் காட்சி நின்றுவிட்டது. இரண்டுக்கும் முடிச்சுப் போட அத்தைக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துப் படங்களின் தொடக்கத்தில், திருட்டு வி.சி.டி. பார்க்காதீர்கள் என்று ஒரு வேண்டுகோள் வரும். திருட்டு வி.சி.டி.யிலும் அது வரும். அத்தை ஒவ்வொரு முறையும் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பாள். படித்துவிட்டு உச்சுக்கொட்டுவாள். "எந்தக் களவாணிப் பயலோ. அவனும் வெளங்குவானா?" அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரிப்போம். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குப் புரியாது. தான் திருடுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அவள் யாரிடமும் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. வாழ்க்கையில் கொடுத்துத்தான் பழக்கம்.

எங்கள் தெருமுனையில் ஒரு வங்காளி இளைஞன் கம்ப்யூட்டர் கடை போட்டான். ஜாதகம் அச்சடிப்பான், போட்டோ ஒட்டுவான், சி.டி. எழுதிக் கொடுப்பான். அத்தையை பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிடுவான். அவன்தான் அவளுக்கு அந்த ரகசியத்தைச் சொன்னான்: ஒரு சி.டி.யிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், அசல் அப்படியே இருக்கும். அன்றைக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்ததை என்னால் மறக்க முடியாது. கழுத்தெல்லாம் வியர்வை.

"ஏட்டி, கேட்டியா? ஒண்ணு குடுத்தா ஒண்ணு குறையாதாம்ட்டி! எல்லாத்துக்கும் முழுசு முழுசா குடுக்கலாமாம்!"

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படி ஒரு பண்டம் உலகத்துல கிடையாது" என்றாள். அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைப்பற்றி ஒன்றும் தெரியாது. எதையும் நம்பாத சுபாவம், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருஷம்தான் சித்தப்பாவுக்குப் படம் கிடைத்தது. ஈரோட்டுப் பக்கத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர் துணிந்து முதல் போட்டார். சின்னப் படம், புதுமுகங்கள். இது ஓடினால் அடுத்தது உண்டு; ஓடாவிட்டால் முப்பத்தைந்தைத் தொட்ட உதவி இயக்குநரைத் திரும்பவும் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவரே போனில் சொன்னார். அத்தை காளிகாட்டுக்கு நேர்ந்துகொண்டாள். சென்னையில் முதல்நாள் முதல் காட்சிக்குப் போக ரயில் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. ஆடிமாத மழையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். டாக்டர் மூன்று மாதம் அசையக்கூடாது என்றுவிட்டார். வலிக்கு அழாதவள் டிக்கெட்டை ரத்து செய்தபோது அழுதாள்.

படம் வெளியாக மூன்று வாரம் இருக்கும். கரக்பூரில் வேலை பார்க்கும் ரயில்வேக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு உறை கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே டி.வி.டி. அது வந்த கையோடு சித்தப்பாவின் போனும் வந்தது. ரிசீவரை அத்தையின் காதில் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"யக்கா, இது எனக்கு வேலைக்காகக் குடுத்த காப்பி. வெளிய குடுக்கப்படாது. நீயும் அத்தானும் மட்டும் பாருங்க. பாத்துட்டுப் பெட்டிக்குள்ள வச்சிரு."

"சரிலே, சரிலே. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

படத்தை அன்று மாலையே பார்த்தாள். கட்டிலில் படுத்தபடி, நாலு தலையணை முட்டுக் கொடுத்து. மாமாவும் நானும் கூட இருந்தோம். முடிந்ததும், "நம்ம வீட்டு மாடிப்படிய அப்படியே வச்சிருக்காம்ட்டி" என்றாள். மறுநாள் காலையில் கோயில் குருக்களின் மனைவி உடம்பு விசாரிக்க வந்தாள். அத்தைக்கு வாய் நிற்குமா? படத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "நீங்களே பாருங்களேன்" என்றாள்.

மாமா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "வெளிய குடுக்கப்படாதுன்னு அவன் சொன்னாம்லா."

"இவங்க வெளியா? இவங்க கையால சோறு தின்னு வளந்தவன் அவன். இவங்க பாக்காம யாரு பாக்க?"

குருக்கள் வீட்டுக்குக் கொடுத்தால் எங்கள் வீட்டுக்குக் கொடுக்க வேண்டாமா? எங்களுக்குக் கொடுத்தால் பக்கத்துத் தெருவுக்கு? அவன் சாப்பிட்ட வீடு ஒன்றையும் விட அவளுக்கு மனம் வரவில்லை. தெருமுனைக் கடைக்காரனை மேலே கூப்பிட்டு டி.வி.டி.யைக் கொடுத்தனுப்பினாள். அவன் வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்தான். படுக்கையிலிருந்தபடியே ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பொட்டலத்தோடு சேர்த்து, "யார்ட்டயும் குடுக்கப்படாது, என்ன?" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினாள். வாங்கியவர்களும் அதையே சொல்லித்தான் அடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

படம் வெளியானது. இரண்டாம் வாரமே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். சித்தப்பாவின் போன் குறைந்தது. பேசினாலும் உடம்பைப்பற்றித்தான் கேட்டார். அத்தைக்குச் சென்னைக்காரர்கள்மேல் கோபம். "நல்ல படம்னா அவனுவளுக்கு ஆகாது" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

துர்கா பூஜை முடிந்து பந்தல் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அத்தை அப்போது கோலூன்றி நடக்க ஆரம்பித்திருந்தாள். அந்தக் கோலோடு அடுப்படியில் நின்று அவருக்குப் பிடித்த சொதி வைத்தாள். தேங்காய் துருவிக் கொடுத்தது நான். அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட, அத்தை எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நம்ம ஆளுக ஒருத்தர் பாக்கி இல்லலே. எல்லாரும் பாத்தாச்சு. கரக்பூர், ஜாம்ஷெட்பூர் வரைக்கும் போயிருக்கு. குருக்கள் வீட்டம்மா மூணு தடவை பாத்தாங்களாம்."

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லதுக்கா" என்றார்.

"அழுதுட்டாங்களாம்லே."

"ம்."

அத்தைக்கு அந்த "ம்" போதவில்லை. கோலை ஊன்றி எழுந்து, பீரோவைத் திறந்து, நாலைந்து டிஸ்குகளைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இன்னும் மிச்சம் இருக்கு. போகும்போது எடுத்துட்டுப் போ. மெட்ராஸ்ல உன் கூட்டாளிகளுக்குக் குடு. அவனுவளும் பாக்கட்டும், எம் தம்பி என்ன எடுத்திருக்கான்னு."

சித்தப்பா அவற்றைப் பார்த்தார். தொடவில்லை.

"நான் கொண்டுபோக வேண்டாம்க்கா. எனக்கு முன்னால அங்க போயிருச்சு."

"எது?"

"இதுதான். படம் ரிலீசாகுததுக்குப் பத்து நாளைக்கு முன்னாலயே பிளாட்பாரத்துல போட்டு வித்தான்."

அத்தைக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவர் என்னிடம் ஒரு டிஸ்கைப் போடச் சொன்னார். டி.வி.யில் படம் ஓடியது. எழுந்து போய் எச்சில் படாத கையால் திரையின் கீழ்மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே மங்கலாக ஒரு எண். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருந்தோம்; டி.வி. சேனல்களுக்கு அடையாளம் போடுவதுபோல் ஏதோ என்று விட்டுவிட்டோம்.

"ஒவ்வொருத்தருக்குக் குடுக்குத காப்பிக்கும் ஒரு நம்பர் உண்டு. இது எனக்குக் குடுத்த நம்பர். பிளாட்பாரத்துல வித்த அத்தனையிலயும் இந்த நம்பர்தான் இருந்துச்சு. தியேட்டர்காரங்க பாதிப் பேரு படமே வேண்டாம்னுட்டாங்க."

டி.வி.யில் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தினேன்.

"நானே எம் படத்த வித்துட்டேன்னு பேசிக்கிடுதாங்க" என்றார் சித்தப்பா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அக்காவுக்குக் குடுத்தேன்னு நீ சொல்ல வேண்டியதுதானலே! என்னை வந்து கேக்கட்டும்!"

"கேப்பாங்க. போலீஸை வச்சுக் கேப்பாங்க. உன்னைக் கேப்பாங்க, இந்தத் தெருவுல எல்லார் வீட்டுலயும் கேப்பாங்க. தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கோலைப் பிடித்திருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் கேட்டது இதுதான்:

"என்னைப் பத்தி உனக்குத் தெரியும்லா. தெரிஞ்சும் ஏம்லே என் கையில குடுத்தே? ஒத்தையில உக்காந்து பாப்பேன்னு நெனச்சியா?"

தான் தப்பித்துக்கொள்ளச் சொன்ன பேச்சு அல்ல அது. தன் சுபாவத்தைத் தானே முதல்முறையாகப் பார்த்துப் பயந்தவளின் கேள்வி.

சித்தப்பா திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். "நீ பாக்காம படம் வெளிய வரக்கூடாதுன்னு நெனச்சேன்க்கா. வேற ஒண்ணும் நெனைக்கல" என்றார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அத்தை இரண்டாம் முறை பரிமாற மறந்துவிட்டாள். நான்தான் மோர் ஊற்றினேன். மறுநாள் ரயிலுக்கு அவர் போய்விட்டார்.

அந்தப் படம் உண்மையிலேயே நல்ல படமா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. எனக்கு அதில் தெரிந்தது எங்கள் மாடிப்படிதான். இப்படித் திருட்டுப் பிரதி வெளியே போகாமலேகூட எத்தனையோ படங்கள் ஓடாமல் போகின்றன. ஆனால் ஓடுமா ஓடாதா என்று பார்க்கிற வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை. சாயப்பட்டறைக்காரர் சினிமாப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதில் முதன்முதலாக நடித்த பெண் நன்றாகத்தான் செய்திருந்தாள். அவளை அதன்பிறகு நான் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை. சித்தப்பா டி.வி. தொடர்களில் யார் யாருக்கோ உதவியாக வேலை பார்த்தார். இரண்டாவது படம் வரவே இல்லை.

அவர் போன மறுவாரம் அத்தை கோலை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக இறங்கினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு காரியம் செய்து யாரும் பார்த்ததில்லை. நானும் கூடப் போனேன், படியில் விழுந்துவிடக்கூடாதே என்று. எல்லோரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். மச்சினர் ஜாம்ஷெட்பூருக்குக் கொண்டுபோனார். மருமகள் அமெரிக்காவுக்கு அனுப்பினாள். கொடுத்தால் குறையாத பண்டம் கேட்டால் திரும்பியும் வராது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

கடைசியில் தெருமுனைக் கடைக்குப் போனோம். அவளைப் பார்த்ததும் அந்த இளைஞன் எழுந்து நாற்காலி போட்டான். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் படம் உன்னிடம் இருக்கிறதா என்று அரைகுறை வங்காளத்தில் கேட்டாள். அவன் முகம் மலர்ந்தது. எங்கேயும் போகவில்லை, மெஷினில் பத்திரமாக இருக்கிறது என்றான். "கோதோ லாக்பே, பௌதி?" எத்தனை வேண்டும் என்று கேட்டான். அத்தை அவன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவனிடம் கோபிக்க அவளுக்கு என்ன இருந்தது? அழித்துவிடு என்று நான்தான் சொன்னேன். சரி என்றான். அழித்தானோ என்னவோ.

திரும்ப வாங்கி வந்த டிஸ்குகளை மாமா கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுகளைப் பழைய துணியில் முடிந்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், அப்படியெல்லாம் நடக்கவில்லை. அல்வா வந்தால் பிரித்தாள். வடாம் போட்டால் கொடுத்தாள். ஆனால் கொடுக்கும்போது கை ஒரு கணம் நிற்கும். "இதக் குடுக்கலாம்லா?" என்று மாமாவைப் பார்ப்பாள். அவர் தலையாட்டிய பிறகுதான் கிண்ணத்தை நீட்டுவாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. "முன்னால இருந்த மாதிரியே இருந்து தொலைச்சிருக்கலாம்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

சில வருஷம் போயிற்று. எனக்குக் கல்யாணமாகி ஹவுராவில் குடித்தனம், அலிப்பூரில் ஆபீஸ். ஒரு பொங்கலன்று காலையில் அம்மா போன் செய்தாள். கேபிளில் வரும் தமிழ் சேனல் ஒன்றில் பதினொரு மணிக்குச் சித்தப்பாவின் படம் போடுகிறார்களாம். நான் சர்க்கரைப் பொங்கலை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இந்தமுறை எந்தத் தப்பும் இல்லை, எந்த நம்பரும் இல்லை. சேனல்காரன் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறான். அத்தை தெருவையே மேலே கூப்பிட்டு உட்காரவைத்திருப்பாள், எனக்கு உட்கார இடம் கிடைத்தால் சரி என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மேல்மாடிக் கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. தட்டினேன். மாமா வந்து பாதி திறந்து என்னை உள்ளே விட்டுவிட்டு உடனே தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல்களும் மூடியிருந்தன. இருட்டில் டி.வி. மட்டும் வெளிச்சமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி முக்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தப் பெண் வாயசைத்தாள், மழை பெய்தது, யாரோ எங்கள் மாடிப்படியில் ஓடி இறங்கினார்கள். ஒன்றுக்கும் சத்தம் இல்லை.

"டி.வி. கெட்டுப்போச்சா அத்தை?"

அவள் திரும்பாமல் உதட்டில் விரல் வைத்தாள். "நாந்தான் குறைச்சு வச்சிருக்கேன். சத்தம் வெளிய போயிரும்ட்டி."

"அத்தை, இது டி.வி.ல போடுறாங்க. எல்லார் வீட்டுலயும்தான் வருது. ஊரே பாக்கலாம்."

"ஊரு பாக்கட்டும்" என்றாள் அத்தை, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "என் வீட்டுலேருந்து போச்சுன்னு இருக்கப்படாது."